ஏழு வெட்டுகள்

ஜோமர்த் என்ற பெயருக்கு வள்ளல் என்று பொருள். பெயர் வைத்த அப்பா பிள்ளையைப் பற்றிப் பாதிதான் சரியாகக் கணித்திருந்தார். கேட்டால் காரைக் கொடுப்பார், வீட்டுச் சாவியைக் கொடுப்பார், பனியில் தன் மேல்கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நடுங்கிக்கொண்டே வீடு போவார். ஆனால் அந்தச் சிவப்புக் கிதாரை எவனாவது தொட்டுவிட்டால் போதும், மனிதர் நாயாகிவிடுவார்.

எங்கள் ஊரான தல்திகோர்கானில் கல்யாணம் என்றால் சைலாவ் என்பவரின் வாத்தியக் குழு. சைலாவின் குழு என்றால் ஜோமர்த்தின் கிதார். செக் நாட்டில் செய்த மின்சாரக் கிதார். பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர் குடும்பத்தோடு ஊரைக் காலி செய்துகொண்டு ஜெர்மனிக்குப் போன வருஷம், இரண்டு ஆட்டை வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போனார். இந்தக் கதையை ஜோமர்த் முதலில் சொன்னபோது ஜெர்மன்காரர் கண் கலங்கினார். பத்து வருஷம் கழித்துச் சொன்னபோது கிதாரைக் கட்டிக்கொண்டு அழுதார். இப்போதெல்லாம் ரயில் கிளம்பிய பிறகும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக்கொண்டே போகிறார்.

வேறு எந்தக் கிதாரிலும் கேட்காத ஒரு குரல் அதற்கு. சளி பிடித்த ஆம்பளை காதலியிடம் பேசுவதுபோல் தாழ்ந்து, கரகரப்பாக வரும். அந்தக் குரலுக்காகவே கல்யாண மண்டபங்களைச் சைலாவின் தேதிக்கு ஏற்றபடி பிடித்தார்கள். கிதாரின் கழுத்துக்குப் பின்பக்கம், கட்டைவிரல் போகும் இடத்தில், கத்தியால் போட்ட ஏழு சிறு வெட்டுகள் இருந்தன. என்ன அது என்று யாராவது கேட்டால், தன்னைக் காதலித்த ஏழு பெண்கள் என்று ஜோமர்த் கண்ணடிப்பார். அவர் மனைவி ஷோல்பான் பக்கத்தில் இருந்தால், என் வெட்டு எங்கே என்று கேட்பாள். கூட்டம் சிரிக்கும்.

உண்மை வேறு. அது தெரிந்தவர்கள் அவரும் ஷோல்பானும் மட்டும்தான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜனவரியில், வெளியூர்க் கல்யாணம் வாசித்துவிட்டுத் தனியாக வரும்போது சாரியோசெக் ஊரைத் தாண்டி வண்டி நின்றுவிட்டது. கையுறை போட்டுக்கொண்டு எஞ்சினைப் பிரிக்க முடியாது. கழற்றி எறிந்துவிட்டு இரும்பில் கை வைத்தார். வலது கையை அவ்வப்போது அக்குளில் செருகிச் சூடேற்றிக்கொண்டார். பிடித்துக்கொண்டிருந்த இடது கையை எடுக்க முடியவில்லை. வண்டி கிளம்பியது. விரல்கள் முதலில் கறுத்தன, பிறகு தோல் உரிந்தது, கோடையில் பார்வைக்குப் பழையபடி ஆகிவிட்டன. உணர்ச்சி மட்டும் வரவில்லை. கட்டைவிரல் எப்படியோ பிழைத்துக்கொண்டது. மற்ற நான்கும் செத்த விரல்கள்.

இதைச் சொல்லிவிட்டால் என்ன என்று கேட்கலாம். பாவம் மனுஷன் என்று ஊர் இரக்கப்பட்டிருக்கும். ஆனால் ஜோமர்த் அதற்கு மூன்று வருஷம் முன்னால் ஒரு காரியம் செய்திருந்தார். அக்கா ரவ்ஷானின் மகன் கைசார், அப்போது பதினான்கு வயது, யாரும் பார்க்காத நேரத்தில் பெட்டியைத் திறந்து கிதாரை எடுத்து வாசித்துக் கம்பியை அறுத்துவிட்டான். ஜோமர்த்தின் வலது கையில் டீக் கிண்ணம் இருந்தது. இடது கையால் அறைந்தார், அதுவும் விருந்தாளிகள் நிறைந்த கூடத்தில். அக்கா மகனை அடித்தவனின் கை பட்டுப்போகும் என்பது எங்கள் ஊரில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். கை போய்விட்டது என்று ஒரு வார்த்தை வெளியே வந்தால் போதும், பனியையோ இரும்பையோ எவனும் பேசமாட்டான். அடித்தான், ஆண்டவன் கணக்குத் தீர்த்தான் என்பார்கள். முதலில் சொல்பவள் ரவ்ஷானாக இருப்பாள்.

அதனால் அந்த வருஷம் முழுக்கச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிதாரைத் தன் கைக்குத் தகுந்தபடி வெட்டித் தைத்தார். பலமில்லாத விரலுக்குக் கம்பி பணியவேண்டும் என்று சுருதியை ஒன்றரைப் படி இறக்கினார். கம்பிகள் தாழ இருக்கவேண்டும் என்று தலைப்பக்கத்தில் அவற்றைத் தாங்கும் எலும்புத் துண்டை அரத்தால் ராவினார். விரல் சறுக்கிப் போய் நிற்க கழுத்தில் குறுக்கே பதித்த உலோக ஃப்ரெட்டுகளைத் தேய்த்தார். விரல்களுக்குத்தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாதே, அதற்காகக் கட்டைவிரலுக்கு வழி சொல்ல ஏழு வெட்டுகள் போட்டார். ஊர் மயங்கிய அந்தக் கரகரப்புக் குரல், தளர்ந்த கம்பி தேய்ந்த ஃப்ரெட்டில் உரசும் சத்தம். எந்தக் கிதார்க்காரனும் குறை என்று சொல்லிப் பழுது பார்க்கக் கொடுப்பானே, அதெல்லாம் சேர்ந்துதான் ஜோமர்த்தின் கிதார். உலகத்தில் அவர் வாசிக்கக்கூடிய கிதார் அது ஒன்றுதான்.

கைசார் வளர்ந்தான். அல்மாத்தியில் போய் முறையாகக் கிதார் படித்தான். திரும்பி வந்து இசைப் பள்ளியில் வாத்தியார் ஆனான். நன்றாக வாசிப்பான் என்று சொன்னவர்களிடம் ஜோமர்த், சுத்தமாக வாசிப்பான், கழுவி வைத்த தட்டு மாதிரி, சாப்பிடத்தான் அதில் ஒன்றும் இருக்காது என்பார். அது கைசார் காதுக்கும் போனது. அவன் பாட்டுக்குப் பாடம் நடத்தப் போய்விட்டான். பேசாத பையன்.

எங்கள் வழக்கப்படி அக்கா மகனுக்குத் தாய்மாமனிடம் மூன்று முறை கேட்கும் உரிமை உண்டு. எதைக் கேட்டாலும் மாமன் மறுக்கக் கூடாது. மறுத்தால் தாய்வீட்டுக்கு ஆகாது. கைசார் சுன்னத்தின்போது ஒரு குதிரைக்குட்டி கேட்டு வாங்கினான். பதினெட்டு வயதில் ஜோமர்த் தலையில் இருந்த ஓநாய்த் தோல் தொப்பியைக் கேட்டான், அங்கேயே கழற்றி வைத்துவிட்டார். மூன்றாவது பாக்கி இருந்தது. அதை ஏதாவது சில்லறை விஷயத்தில் கரைத்துவிட ஜோமர்த் வருஷக்கணக்காக முயன்றார். டயர் வேணுமா, டிவி வேணுமா என்று வலியப் போய்க் கேட்பார். பையன் தலையை ஆட்டிவிடுவான்.

கைசாருக்குக் கல்யாணம் வந்தது. பெண் அல்மாத்திக்காரி, சம்பந்தி வீடு பெரிய இடம். முந்நூறு பேர் கூடியிருந்த மண்டபத்தில் சைலாவின் குழு வாசித்தது. மாப்பிள்ளையின் தாய்மாமனே கிதார் வாசிக்கிறார் என்று சம்பந்திகளுக்கு ஒரே பெருமை. ஜோமர்த்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இரண்டு கோப்பை உள்ளே போயிருந்தது. மண்டபத்தின் பின்னால் ஒரு செங்குதிரையைக் கழுத்தில் ரிப்பன் கட்டி நிறுத்தியிருந்தார், கேட்காமலே கொடுத்துவிடுவதற்காக. அப்படிக் கொடுத்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை, மைக்கைப் பிடித்தார்.

"கைசார், உன் மூணாவது கேள்வி பதினோரு வருஷமா என் தலைக்கு மேல தொங்குது. இன்னைக்குக் கேட்டுடு. இல்லைன்னா பையனுக்கு வாயே கிடையாது போலன்னு உன் மாமனார் வீட்ல நினைச்சுக்குவாங்க."

மண்டபம் சிரித்தது. கைசார் மணமகளிடம் ஏதோ சொல்லிவிட்டு எழுந்து, மேசைகளுக்கு நடுவே நிதானமாக நடந்து மேடைக்கு வந்தான். மைக்கை வாங்கிக்கொண்டான்.

"அந்தக் கிதாரைக் கொடுங்க, மாமா."

இதற்கும் சிரித்தார்கள். ஜோமர்த்தும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மருமகன் முகத்தைப் பார்த்தார், அவன் சிரிக்கவில்லை. வெளியே குதிரை நிற்கிறது என்றார். வேண்டாம் என்றான். கார் என்றார். கார் இருக்கிறது என்றான். வீட்டின் மேல்மாடியை எழுதி வைக்கிறேன் என்றுகூடச் சொன்னார். ஷோல்பான் இருந்த மேசையில் கரண்டி விழும் சத்தம் கேட்டது.

"சரி, ஒண்ணு பண்ணலாம்," என்றான் கைசார். "அதுல அப்படி என்ன இருக்குன்னு சொல்லுங்க. நிஜமான காரணத்தைச் சொல்லிட்டா நான் குதிரையை ஓட்டிட்டுப் போறேன்."

ஜோமர்த் ஜெர்மன்காரரைச் சொன்னார். ரயில் ஜன்னலைச் சொன்னார். ஏழு பெண்களைச் சொன்னார். சம்பந்திகள் இதுவரை கேட்டிராததால் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அது எல்லாருக்கும் சொல்ற கதை, மாமா. நான் நிஜமான காரணத்தைக் கேட்டேன்."

மண்டபம் மெல்ல அடங்கியது. முதல் மேசையில் ரவ்ஷான் வெள்ளைத் தலைத்துணியோடு தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் சம்பந்தியம்மாள் குனிந்து எதையோ கேட்க, ரவ்ஷானின் முகம் சிவந்துபோனது. தாய்வீடு மறுக்கிறது, அதுவும் கல்யாணத்தன்று, புது உறவுகள் முன்னால். என் கை செத்துப்போச்சு என்று நாலு வார்த்தை சொன்னால் கிதார் தங்கிவிடும். ஜோமர்த் அந்த நாலு வார்த்தையைத் தொண்டை வரைக்கும் கொண்டுவந்தார். முந்நூறு முகம், அக்கா முகம், எல்லாவற்றையும் பார்த்தார். வார்த்தையை விழுங்கிவிட்டு, தோள்வாரைக் கழற்றி, கிதாரை இரண்டு கையாலும் நீட்டினார்.

அன்று அவருக்குக் கிடைத்த கைதட்டல் முப்பது வருஷத்தில் கிடைத்ததில்லை. பெயருக்கு ஏற்ற ஆள் என்று சம்பந்தி எழுந்து வந்து கட்டிக்கொண்டார். ரவ்ஷான் அழுதாள். விருந்து முடியும்வரை ஜோமர்த் கையில் ஒரு வேலையும் இல்லாமல் குதிரைக் கறியைத் தின்றுகொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை சைலாவ் ஒரு புதுக் கிதாரைக் கொண்டுவந்து கொடுத்தார். முதல் பாட்டின் நடுவிலேயே பாடுகிறவள் திரும்பிப் பார்த்தாள். விரல்கள் பக்கத்துக் கம்பிகளை மிதித்துக்கொண்டு திரிந்தன. கட்டைவிரல் வழவழப்பான மரத்தில் இடம் தேடி ஓடியது. ரத்த அழுத்தம் என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஜோமர்த் உட்கார்ந்துவிட்டார். அதற்கடுத்த சனிக்கிழமையும் ரத்த அழுத்தம். மூன்றாவது வாரம் சைலாவ் போன் செய்து, கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்கொள்ளச் சொன்னார். யாரை வைத்து வாசிப்பாய் என்று கேட்டதற்கு, கைசாரைக் கேட்டிருக்கிறேன் என்று மெல்லச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஷோல்பானுக்குப் பொறுக்கவில்லை. "போய் அவன்கிட்ட மட்டும் சொல்லுங்க. ஊர்கிட்டச் சொல்ல வேண்டாம். வீட்டுப் பிள்ளை, மனசு இல்லாமலா போயிடும்?" என்றாள்.

மனசு இருக்கத்தான் செய்தது. ஜோமர்த் போன நேரம் கைசார் தனியாக இருந்தான். உட்கார வைத்து, பாலூற்றி டீ கொடுத்தான். ஜோமர்த் குனிந்த தலையோடு எல்லாவற்றையும் கொட்டினார். வண்டி நின்றது, விரல் கறுத்தது, அரம், வெட்டுகள். கட்டிய மனைவியிடம்கூட இவ்வளவு விவரமாகச் சொன்னதில்லை. திருப்பிக் கொடு என்று கேட்கவில்லை, சனிக்கிழமைகளில் மட்டும் கொடு, வாசித்துவிட்டுக் கொண்டுவந்து தந்துவிடுகிறேன் என்றார்.

"தெரியும், மாமா," என்றான் கைசார்.

"என்ன தெரியும்?"

"போன நௌரிஸ் பண்டிகைக்கு அம்மா உங்களுக்கு டீ ஊத்தினாங்க. கொதிக்கிற டீ உங்க இடது விரல் மேல வழிஞ்சுது. நீங்க பாட்டுக்குச் சிரிச்சுப் பேசிட்டிருந்தீங்க. அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுதான் கேட்டியா?"

"தெரிஞ்சுதான் கேட்டேன். பொய்யை விட்டுக்கொடுப்பீங்களா, கிதாரைக் கொடுப்பீங்களான்னு பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குதிரையோட போயிருப்பேன். சத்தியமா."

அவன் எழுந்து உள்ளே போய்ப் பெட்டியைக் கொண்டுவந்து மாமன் மடியில் வைத்தான். ஜோமர்த்துக்கு அழுகை வந்துவிட்டது. பையன் நல்லவன், அன்றைக்கு அடித்திருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பெட்டியைத் திறந்தார்.

கிதார் கல்யாணப் பெண்போல மின்னியது. புது ஃப்ரெட்டுகள், புது எலும்புத் துண்டு, முறுக்கிக் கட்டிய புதுக் கம்பிகள். ஜோமர்த்தின் கட்டைவிரல் அவசரமாகக் கழுத்தின் பின்னால் போயிற்று. மேலே தடவியது, கீழே தடவியது. ஏழு வெட்டுகளையும் மரத்தூளும் பசையும் வைத்து அடைத்து, தேய்த்து, வார்னிஷ் பூசியிருந்தார்கள். எங்கே இருந்தன என்று சொல்லவே முடியாது.

"அல்மாத்தில நல்ல ஆள்கிட்டக் கொடுத்தேன். எவன் இப்படி நாசம் பண்ணினான்னு கேட்டார்," என்றான் கைசார். "வாசிச்சுப் பாருங்க."

மறுபடியும் வெட்டிக்கொள்ளலாம் என்று ஜோமர்த்துக்கு ஒரு நப்பாசை. ஃப்ரெட் புதிது, கழுத்து மரத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியையும் திருகி நிமிர்த்தியாயிற்று. எல்லாவற்றையும் திரும்ப ராவ ஒரு வருஷம் ஆகும். அந்த வருஷத்தில் தன் நாற்காலியில் யார் உட்கார்ந்திருப்பார் என்பதும் அவருக்குத் தெரியும். வாசித்தார். நாலு அடிகூடப் போகவில்லை. கைசார் தலையைச் சாய்த்து, இடது காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இந்தப் பக்கக் காதுல இன்னும் விசில் அடிக்குது, மாமா," என்று வலது காதைத் தொட்டுக் காட்டினான். "பதினஞ்சு வருஷமா. நான் யார்கிட்டயும் சொல்லலை. நமக்குள்ள அது ஒண்ணுதான் ஒத்துப்போகுது."

ஜோமர்த் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தார். கைசார் அதைக் கேட்கத் தயாராக இல்லை. சட்டென்று வாத்தியார் குரலில் திட்டத்தைச் சொன்னான். சனிக்கிழமை சம்பந்தி உறவில் ஒரு கல்யாணம். அவர்கள் கேட்பது ஜோமர்த்தைத்தான், கைசாரை இல்லை. ஆகவே மாமா முன்னால் கிதாரோடு நிற்கட்டும். வயரை எதிலும் செருக வேண்டாம். பூ அலங்காரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, தன்னுடைய கிதாரில் சுருதியை இறக்கி அதே கரகரப்பில் அவன் வாசிப்பான். எந்தக் கல்யாணத்தில் எவன் நிஜமாகப் பாடுகிறான்? சைலாவிடம் பேசியாயிற்று.

"பேர் உங்களுக்கு, மாமா. அதுதானே உங்களுக்கு வேணும். ஒண்ணே ஒண்ணு, அம்மாகிட்ட நீங்களே சொல்லணும். கைசார் பெரிய மனசு பண்ணித் திருப்பிக் கொடுத்துட்டான்னு."

காறித் துப்பிவிட்டு எழுந்து வந்திருக்கவேண்டும். வேறு எவனாக இருந்தாலும் வந்திருப்பான். ஜோமர்த் ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தார். சனிக்கிழமை எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டார்.

சனிக்கிழமை மாலை மண்டபத்தில் நிற்க இடமில்லை. கிதார் மாமனிடமே திரும்பி வந்துவிட்டது என்ற செய்தி ஊரெல்லாம் பரவியிருந்தது. கொடுத்த மாமனையும் திருப்பிக் கொடுத்த மருமகனையும் ஒரே மூச்சில் புகழ்ந்துவிட்டு, மைக் பிடித்தவன் ஜோமர்த்தை மேடைக்கு அழைத்தான். அவர் வந்து நின்றார். கிதாரின் வயர் பின்னால் போய்த் திரைக்கு அடியில் சுருண்டு கிடந்தது. சைலாவ் தலையசைக்க, பூக்களுக்குப் பின்னாலிருந்து இசை எழுந்தது.

நன்றாக இருந்தது. அதுதான் ஜோமர்த்தைக் கொன்றது. அவருடைய கரகரப்பு, அவருடைய இழுப்பு, பாட்டின் கடைசியில் அவர் கொஞ்சம் தாமதித்து வந்து சேரும் அந்தச் சோம்பல், எல்லாம் அப்படியே இருந்தன. பன்னிரண்டு வருஷமாக அவர் விரல் செய்ய நினைத்துச் செய்ய முடியாமல் தாண்டிப் போன இடங்களையும் பையன் வாசித்துக் காட்டினான். செத்துப்போகும் முன் தன் கை எப்படி இருந்தது என்று ஜோமர்த் அப்போதுதான் காதால் கேட்டார். சிரித்த முகத்தோடு விரல்களை வழவழப்பான கழுத்தில் மேலும் கீழும் ஓட்டிக்கொண்டு நின்றார்.

பாட்டு முடிந்ததும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஒரு பெரியவர் மேடை ஓரத்துக்கு வந்து, எத்தனையோ கிதார் கேட்டிருக்கேன், இந்தக் கிதாருக்குள்ள ஏதோ இருக்குப்பா என்றார். ஆமாம் என்றார் ஜோமர்த். அடுத்த பாட்டையும் இப்படியே வாசிங்க என்றார் பெரியவர். அதற்கும் ஆமாம் என்றார்.

ரவ்ஷான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடை ஏறி வந்தாள். அக்காவின் முகத்தில் இத்தனை சந்தோஷத்தை ஜோமர்த் அவள் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. "இந்தக் கையை அன்னைக்கு நான் சபிச்சேன்டா, தம்பி. என் புள்ளையை அடிச்ச அன்னைக்கு," என்றாள். "அல்லா என் பேச்சைக் கேட்காம விட்டாரே, அது போதும்."

சொல்லிவிட்டுக் குனிந்து அவருடைய இடது கையை எடுத்தாள். ஜோமர்த் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கைதட்டல் பலத்ததும், எதற்கு என்று தெரியாமல் கீழே பார்த்தார். அக்கா அவருடைய நான்கு விரல்களையும் ஒவ்வொன்றாக முத்தமிட்டுக்கொண்டிருந்தாள்.